வேனில் நீ போடாத பாட்டு

மகள், நீ இப்போது எனக்கு எதிரேதான் இருக்கிறாய். ஹோட்டல் கார் பார்க்கில் வேனை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் ஒரு அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். நிமிர்ந்து பார்த்தால் ரிசப்ஷன் கண்ணாடிக்கு உள்ளே நீ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சிரித்துச் சிரித்து அறைச் சாவி கொடுப்பது தெரிகிறது. வீட்டிலும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம். இருந்தும் கடிதம் எழுதுகிறேன் என்றால் உன் அப்பா எவ்வளவு பெரிய வீரன் என்று பார்த்துக்கொள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். ஆனால் நான் பாதி சொல்லி முடிப்பதற்குள் நீ பதில் போடத் தொடங்கிவிடுவாய். நுவனைக் கட்டட்டுமா, கட்டி அவனுடைய ஊருக்குப் போகட்டுமா என்று நீ கேட்டாய். நான் இன்னும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பாட்டுக் கதை கதைக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசி.

இந்த ஸ்டாஃப் வேனை நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் பாட்டு முழுக்க என் அதிகாரத்தில்தான் இருந்தது. மாங்கேணியில் விடியக் கிளம்பி, அறை சுத்தம் செய்யும் பெண்களை வழிவழியே ஏற்றி, ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்குடா என்று ஆட்களை அள்ளிக்கொண்டு பாசிக்குடாவில் இறக்கும்வரை, என் பென் டிரைவில் உள்ளதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். அது உனக்குத் தெரியும், எல்லாம் காதலில் தோற்றவர்களின் பாட்டு. ஒருநாள் நம் எதிர்வீட்டுப் பரமேஸ் பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணன், காலங்காத்தால இந்த ஒப்பாரியக் கேட்டுப்போட்டு, மறுகா போய் நான் எப்பிடிக் கட்டில் விரிப்பச் சந்தோசமா விரிக்கிற?" வேன் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் முன்சீட்டுச் சட்டம் பிறந்தது. முன்சீட்டில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் முறை வைத்து இருக்க வேண்டும். அன்றைக்குப் பாட்டு அவர்களுடையது. மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் நான் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்: இந்தப் பாட்டு உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?

பாட்டு நல்லதா கெட்டதா என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் சண்டைதான் வரும். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் ஆட்கள் தங்களை மறந்து கதைக்கிறார்கள். பரமேஸ் சாமிப் பாட்டுத்தான் போடுவாள் என்று நினைத்தேன். அவள் போட்டதோ காது கிழிகிற குத்துப் பாட்டு. கத்தாரில் வேலை செய்கிற அவளுடைய மகன் அனுப்புகிறானாம். அவன் அங்கே வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்கிற அதே பாட்டைத் தானும் இங்கே வேலைக்குப் போகும்போது கேட்க வேண்டுமாம். கணக்குப் பிரிவு ரிஸ்வான் தான் பிறப்பதற்கு முந்திய ஹிந்திப் பாட்டுகளைப் போட்டான். அவனுடைய வாப்பா சவூதியிலிருந்து திரும்பி வந்தபோது கசட்டும் பிளேயரும் கொண்டு வந்த கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். ஹிந்தி தெரியுமா என்றேன். "பாட்டு விளங்காட்டி நல்லம் அண்ணன், நமக்குப் புடிச்ச கருத்த நாமளே வெச்சுக்கலாம்" என்றான். தோட்ட வேலைக்காரர் ஒருவர் பைலா போட்டுவிட்டு, இருந்த இருப்பிலேயே தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தார். பாடுமீன் ஊர் என்று சொல்லிச் சுற்றுலாக்காரர்களை வாவிக்குள் தோணியில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, நான் இத்தனை வருடத்தில் ஒரு மீன் பாடிக் கேட்டதில்லை. இந்த வேனில் ஏறினால் போதும் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

எல்லோருடைய பாட்டும் எனக்குத் தெரிந்துபோயிற்று, உன்னுடையதைத் தவிர. உன் முறை வரும் நாளில் முன்சீட்டில் வந்து இருப்பாய். போனைக் கையில் எடுப்பாய். பிறகு, நீங்களே போடுங்கப்பா என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிடுவாய். திரும்பிப் போகும்போது காதில் அந்த வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு கண்ணை மூடுவாய். எனக்கு மண்டை வெடிக்கும். பெற்ற பிள்ளையின் காதுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக வேன் ஓட்டுவது? கண்ணாடியில் உன் உதட்டைப் பார்ப்பேன், அசையாது. காலைப் பார்ப்பேன், அதுவும் தாளம் போடாது. சின்ன வயதில் நீ இப்படி இல்லை. பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ வரும்போது ஒலிக்கும் அந்த இசைக்கு முற்றத்தில் சுற்றிச் சுற்றி ஆடுவாய். பெரியவளான பிறகு நீதான் சொன்னாய், அது ஏதோ ஒரு வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ பியானோவுக்கு எழுதியதாம். எனக்கு நம்பவே முடியவில்லை. அது நம் பாண்காரனின் சொந்தச் சரக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கேயோ பிறந்த பாட்டு கடல் தாண்டி வந்து மாங்கேணியில் பாண் விற்கிறதே என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நுவனுடைய முறை வரும் நாளுக்கு நான் காத்திருப்பேன், அதை இப்போது சொன்னால் சிரிப்பாய். குருநாகலுக்கு அங்கால் ஒரு சிங்களக் கிராமத்துப் பொடியன், ஹோட்டலில் கேக்கும் பாணும் சுடுகிறவன், கல்குடாவில் ஹோட்டல் எடுத்த வாடகை வீட்டிலிருந்து ஏறுகிறவன் என்ற அளவில்தான் எனக்கு அவனைத் தெரியும். ஆனால் அவன் பாட்டுப் போட்டால் அடுத்தது என்ன வரும் என்று சொல்ல முடியாது. பழைய சிங்களப் பாட்டு ஒன்று வரும். அதற்குப் பின்னால் மலேசியப் பொடியன்கள் தமிழில் வேகமாகக் கதைக்கிற மாதிரிப் பாடுகிற ஒன்று வரும். பிறகு வயலின் மட்டும் தனியே அழும். நாற்பது வருடத்துக்கு முந்திய பாட்டும் போன மாதத்துப் பாட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எங்கேயிருந்து வந்தது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஒரு பிரெண்ட் தந்தது அங்கிள் என்பான். நல்ல பிரெண்ட் என்று நானும் சொல்வேன். பின்சீட்டில் நீ அப்போது என்ன முகத்தோடு இருந்தாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

என் பாட்டையும் சொல்ல வேண்டும். நான் மாங்கேணிக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பழுகாமத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்தவன். நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. வீடு அவளுக்கு எழுதிக் கொடுத்தது. ஆம்பிளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவான். அப்படி நான் கடல் கரைக்கு வந்தேன். கொண்டுவந்ததில் உருப்படியானது ஒன்றும் இல்லை, ஒரு கூத்துப் பாட்டைத் தவிர. ஊர்க் கோயிலில் வடமோடிக் கூத்து ஆடியபோது, உயரமாக இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் என்னைத் தூதனாகப் போட்டார். சபையோரே வழிவிடுங்கள், தூதன் வருகிறேன் என்று தொடங்கும் ஒரு வரவுப் பாட்டு. அதைப் பாடி, ஒரு சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டியதுதான், பிறகு விடியும்வரை எனக்கு வேலை இல்லை. அந்த ஒரு பாட்டைத்தான் நான் வேன் கழுவும்போதும் வேலி கட்டும்போதும் பாடிக்கொண்டிருக்கிறேன். சுருதி இல்லை என்பது எனக்கே தெரியும். வேனில் ஒருநாளும் பாடியதில்லை. அது கிணற்றடிப் பாட்டு.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நுவன் முன்சீட்டில் இருந்தான். அவனுடைய போன் வேனின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. அவன் போட்ட பாட்டுகள் முடிந்துவிட்டன. பேக்கரி வேலைக்காரன் எப்போதும் நித்திரைக்குக் கடன்காரன்தானே, கண்ணாடியில் தலையைச் சாய்த்து உறங்கிவிட்டான். போன் தன் பாட்டுக்கு அடுத்ததை எடுத்தது. முதலில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஒரு ஆம்பிளையின் இருமல். அதன் பிறகு ஒருவன் அடித்தொண்டையில் தூதன் பாட்டைப் பாடத் தொடங்கினான். ஐயோ, யார் இவன், இவ்வளவு மோசமாகப் பாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. நடுவில் அவன் பாட்டை நிறுத்தி, "ஜிம்மி, செருப்ப வை, வை எண்டுறன்" என்று நம் நாயை அதட்டிவிட்டு மறுபடி பாடினான். அப்போதுதான் எனக்கு உடம்பு கூசியது. பரமேஸ் பின்னால், இது நம்மட அண்ணன்ட குரல்தானே என்று சொல்லிச் சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள். நுவன் திடுக்கிட்டு எழுந்து போனைத் தடவுவதற்குள் பாட்டு முடிந்து, உன் குரல், வாயைப் போனுக்குக் கிட்ட வைத்துச் சொன்னது போல வந்தது.

"இதுதான் எனக்கு எல்லாத்திலயும் புடிச்ச பாட்டு, நுவன்."

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன், நீ குனிந்திருந்தாய். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் நீயே வந்து நேராகக் கேட்டாய். அவனுடைய அம்மா தனியாக இருக்கிறாள், அதனால் அங்கேதான் போய் இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னாய். வேனுக்கு டீசல் அடிக்க வேணும் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போனேன். உலகத்தில் எந்தத் தகப்பனும் மகளின் கலியாணப் பேச்சுக்கு அப்படி ஒரு பதில் சொல்லியிருக்க மாட்டான். அடுத்த நாள் பென் டிரைவைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். முன்சீட்டுக்கு யார் வந்தாலும் பாட்டுச் செட் பழுது என்று சொன்னேன். பழுது இல்லை என்பது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மழைக் காலம் முழுக்க வைப்பரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய் வந்தோம்.

எனக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். பயம், மகள். சிங்களப் பொடியன் என்பது எனக்குப் பெரிய விஷயமே இல்லை என்று எழுதினால் அது பொய். அந்தப் பாஷை எனக்கு முதன்முதலில் அதட்டலாகத்தான் வந்தது. இறங்கு, நில், கையைத் தூக்கு, ஐடென்டிட்டியைக் காட்டு. பிரச்சினைக் காலத்தில் இதே றோட்டில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கி வரிசையில் விட்டபோது நான் படித்த சிங்களம் அவ்வளவுதான். அந்தப் பாஷையில் தாலாட்டும் இருக்கும், காதலும் இருக்கும் என்று எனக்குத் தெரிய வெகு காலம் எடுத்தது. அதுவும் இந்த வேனின் முன்சீட்டில்தான் தெரிந்தது. இன்னொரு பயம், வீடு. நீ பிறந்த நாள் முதல் உனக்கென்று ஒவ்வொரு கல்லாகக் கட்டிய வீட்டை விட்டு நீ போவாய் என்று நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை. மருமகன் பெட்டியோடு வருவான், நாங்கள் பின்னால் ஒரு சின்ன அறைக்கு ஒதுங்குவோம் என்றுதான் நினைத்திருந்தேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் மீனை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்க இஞ்ச வரக்குள்ள உங்களுக்கு இஞ்ச ஆரைத் தெரியும்? வந்து இருந்துதானே பழகினீங்க. அவளுக்கு மட்டும் கால் இல்லையா?"

அதற்குப் பிறகும் நான் ஓம் சொல்லவில்லை. என்னைக் கரைத்தது ஞாயம் இல்லை, விடுப்பு அறிகிற ஆசை. நீ அவனுக்கு என் குரலைக் கொடுத்திருக்கிறாய், சரி, அவன் உனக்கு என்ன கொடுத்தான் என்று தெரியாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. போன கிழமை கோதுமை மா மூட்டை எடுத்து வர எங்கள் இருவரையும் வாழைச்சேனைக்கு அனுப்பினார்கள். நுவன் முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். நான் சிங்களத்தில் கேட்டேன், அவன் தமிழில் பதில் சொன்னான். இரண்டு பேரும் பிழை பிழையாகத்தான் கதைத்தோம். அவன் வீட்டிலிருந்து உனக்குக் கொடுக்க அவனிடம் பாட்டே இல்லையாம்.

"நம்ம வீட்டில யாரும் பாட மாட்டாங்க அங்கிள். அப்பா செத்த பிறகு அம்மா ரேடியோவும் போடல. அதுதான் நான் உங்கட பாட்ட மா பிசையிற நேரம் எல்லாம் கேக்கிறது."

முன்சீட்டில் இருந்து அவன் போட்ட பாட்டுகள் எல்லாம் நீ தேர்ந்து கொடுத்தவை என்றும் அப்போதுதான் சொன்னான். சிங்களப் பாட்டுகள்கூட நீ தேடி எடுத்து, இது உங்கள் பாட்டுத்தானே, கேட்டிருக்கிறாயா என்று அவனுக்கே கேட்கக் கொடுத்தவையாம். அப்படியென்றால் நான் கண்ணாடியில் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, நீ கேட்கிற பாட்டு என் ஸ்பீக்கரில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நல்ல பிரெண்ட் என்று நான் சொன்னது உன்னைத்தான். கள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்க, அந்தத் தூதன் பாட்டில் என்னடா இருக்கிறது, பாடிக் காட்டு என்றேன். அவன் வெட்கப்படாமல் பாடினான். சொல் ஒன்றுக்கும் அவனுக்குக் கருத்துத் தெரியாது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. நான் இருமிய இடத்தில் அவனும் இருமினான். நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினான். நடுவில் வந்ததும், அதே ராகத்தில், கண்ணை மூடிக்கொண்டு, "ஜிம்மி செருப்ப வை, வை எண்டுறன்" என்று இழுத்தான் பார். அதுதான் பாட்டிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த அடியாம். ஏதோ சோகமான இடம் என்று நினைத்திருக்கிறான். நான் வேனை ஓரம் கட்டினேன். சிரித்துச் சிரித்து, பிறகு எப்போது அழத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. அவன் பயந்துபோய், பிழையா அங்கிள் என்று கேட்டான். இல்லை, அப்படியேதான் பாட வேண்டும் என்று சொன்னேன். அண்ணாவியார் இருந்திருந்தால் என்னை அடித்திருப்பார்.

என் பதில் ஓம், மகள். நுவனைக் கட்டு. அவனுடைய ஊருக்கும் போ. ஊரில் கதைப்பார்கள். பெண்ணை வெளியே அனுப்பிவிட்டான் என்று சொல்வார்கள். சிங்களவனுக்குக் கொடுத்துவிட்டான் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும், நான் வேன் ஓட்டுகிறவன், பின்னாலிருந்து கதைப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன். வீடு உன் பெயரில் இருக்கும், நீ வரும்போது திறந்துவிட நாங்கள் இருக்கிறோம். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் ஓம் சொல்கிறேன்.

அங்கே போனதும் உன் பாட்டைச் சத்தமாகப் போட்டு அந்த அம்மாவை அசத்தப் பார்க்காதே. பாட்டில்லாமல் சும்மா இருக்கிற வீட்டுக்கும் ஒரு பழக்கம் இருக்கும், அதைக் கொஞ்ச நாள் கேள். நான் மாங்கேணிக்கு வந்த புதிதில் தூதன் பாட்டைப் பாட, கடற்கரைக்காரர்கள் வலை இழுக்கிற இடத்திலிருந்து நையாண்டி பண்ணினார்கள். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் அவர்கள் வலை இழுக்கும்போது பாடுவதைக் கேட்கப் போனேன், பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். அந்த அம்மா ரேடியோவை நிறுத்துவதற்கு முன் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அறிய ஆசையாக இருக்கிறது. அவசரப்படாதே, அவளாகச் சொல்லும் நாளில் எனக்கும் சொல்லி அனுப்பு. வேறு ஆட்களின் பாட்டைப் பற்றி ஒருநாளும் பழித்துப் பேசாதே. ரிஸ்வான் சொன்ன மாதிரி, விளங்காவிட்டாலும் கேட்கலாம். நுவன் பிழையாகப் பாடினால் திருத்தாதே, அந்த நாய்ப் பகுதியை மட்டும் கட்டாயம் திருத்தாதே.

எழுதி முடிக்கப் போகும்போது ஒன்று தோன்றுகிறது. வேனில் ஓடும் பாட்டோடு சேர்ந்து பரமேஸ் பாடிக் கேட்டிருக்கிறேன், ரிஸ்வான் பாடிக் கேட்டிருக்கிறேன், இப்போது நுவனும் பாடிவிட்டான். என் குரலை எனக்குத் தெரியாமல் பிடித்து வைத்துக்கொண்டு அதுதான் பிடிக்கும் என்று சொன்ன நீ, ஒரு அடியாவது வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. ஒருவரும் பாடாத வீட்டுக்கு நீ போகப் போகிறாய். பாடும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று உன்னைப் பெற்ற எனக்கே தெரியாது, மகள். அது தெரியாமல் நான் உன்னை அனுப்ப மாட்டேன்.